டிஜே விக்கி வேலை பார்க்கும் கம்பெனி

அஸ்கர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். பூந்தமல்லியில் அவன் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என்ன கம்பெனி என்று மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் என்பார் ஒருவர், ஏற்றுமதி என்பார் இன்னொருவர். அவனையே கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். அடக்கமான பிள்ளை, பெருமையடித்துக்கொள்ளத் தெரியாது என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்.

உண்மையில் அது ஒரு ஹோட்டலின் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கிளப். அங்கே அவன் பாட்டுப் போடுகிறவன். அஸ்கர் என்ற பெயரும் அங்கே கிடையாது, டிஜே விக்கி. பெயர் வைத்தவன் கிளப் மேனேஜர் விஷ்ணு.

"உன் சொந்தப் பேரப் போட்டா உங்காளு எவனாவது பாத்துட்டு ஊட்ல போய் ஊதிடுவான் மாமே. விக்கின்னு வெச்சிக்கோ. மெட்ராஸ்ல தடுக்கி வுழுந்தா ஒரு விக்கி கீறான்" என்றான் விஷ்ணு. கூடவே ஒரு கறுப்பு முகமூடியும் வாங்கிக் கொடுத்தான். கறுப்பு முகமூடி, கறுப்புத் தொப்பி. வருகிறவர்களுக்கு அது ஸ்டைல். அஸ்கருக்கு அது மூச்சு முட்டும் ஒரு துணி.

டிஜே என்றால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா தலையை ஆட்டுகிறவன், பாட்டு தன்னால் ஓடும் என்று நினைக்கிற புத்திசாலிகள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களில் ஒருவரைப் பிடித்து ஒரே ஒரு சனிக்கிழமை அஸ்கரின் இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஆடுகிற இடம் காலியாகி, அத்தனை பேரும் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் தட்டைச் சுற்றி நிற்பார்கள்.

அஸ்கர் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் பொய் சொல்லும், குடித்த முகம் இன்னும் கூசாமல் சொல்லும். அவன் பார்ப்பது கால்களை. ஆட்டத்துக்குள் வராமல் ஓரத்தில் நிற்கிறவனின் குதிகால் தரையைத் தட்டுகிறதா, செருப்பு வாசல் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பான். வாசல் பக்கம் திரும்பியவனை இன்னொரு பாட்டுக்கு நிறுத்திவைக்கத் தெரிந்தால்தான் அவன் டிஜே. எல்லோரும் கேட்கத் துடிக்கிற பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே தராமல் இழுத்தடிக்கவும் தெரிய வேண்டும். தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டே தீருவேன் என்று அடம் பிடிக்கக் கூடாது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. 'என் ஆளு பொறந்தநாள், இந்தப் பாட்டைப் போடு' என்று சட்டையைப் பிடிக்க வருகிறவனிடம்கூடச் சிரித்த கண்ணோடு தலையாட்டிவிட்டு, அவன் திரும்பிப் போனதும் தன் வேலையைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுகிற பாட்டை ஒருபோதும் வெட்டக் கூடாது. இறக்க வேண்டும். ஒன்று இறங்குவது தெரியாமல் இன்னொன்று ஏறியிருக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி மௌனம் விழுந்தால்கூட ஆடுகிறவனுக்குத் தன் தொப்பை ஞாபகத்துக்கு வந்துவிடும், அப்புறம் ஆட மாட்டான்.

"நீ பாட்டு போடல மாமே, ஜனத்த மேய்ச்சிகினு கீற" என்று விஷ்ணு சொல்வான். அஸ்கருக்கு அது பிடிக்கும். அவன் காதுபட அவன் தொழிலை யாராவது புகழ்ந்தார்கள் என்றால் அது விஷ்ணு ஒருவன்தான்.

இத்தனை சாமர்த்தியத்தையும் அவன் படித்து வாங்கவில்லை. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு ஆவடியில் ஒரு சவுண்ட் சர்வீஸில் ஸ்பீக்கர் தூக்கப் போனான். முத்தாபுதுப்பேட்டை, வேப்பம்பட்டு என்று காது குத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் பெட்டியோடு பெட்டியாகக் கிடந்தான். கிளப்பில் வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து, "அத்தா, அம்பத்தூர்ல வேலை கெடச்சிருக்கு" என்றான். அதில் பொய்யே இல்லை.

"கம்பெனியா?" என்று கேட்டார் அவன் அத்தா ஹாஜா மொய்தீன். கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அஸ்கர் தலையாட்டினான். ஆறு வருஷமாக அந்தத் தலையாட்டலுக்குள்தான் அவன் குடியிருக்கிறான்.

ஹாஜா மொய்தீனுக்கு டிரங்க் ரோட்டில் பஞ்சு மெத்தைக் கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் தவிர அந்தக் கடையை அவர் சாத்தி யாரும் பார்த்ததில்லை. மனைவி இறந்தபோதுகூட மறுநாள் சாயங்காலமே திறந்துவிட்டார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொன்னார். பிள்ளைகள் இருவரையும் அந்த மெத்தை அடுக்குகளுக்கு நடுவேதான் வளர்த்தார். நல்ல மனிதர், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எதிலும் கோபப்படாதவர். அந்த ஒரே விஷயம் டிஜே.

அவர் பள்ளிவாசல் கமிட்டியில் இருந்தார். பக்கத்துத் தெருக் கல்யாணம் ஒன்றில் ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் அலறி, யாரோ மண்டபத்தில் மயங்கி விழ, மறுவாரம் கமிட்டியில் அவர் எழுந்து பேசினார். "நிக்காஹ்ங்கிறது துஆ கேக்குற சபை. அங்க குதிக்கிறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்தா என்ன அர்த்தம்? டிஜே வெக்கிற மண்டபத்துக்கு நம்ம பள்ளிவாசல் தஃப்தர் போகக் கூடாது, இமாமும் போகக் கூடாது." தஃப்தர் என்பது கல்யாணத்தைப் பதிகிற புத்தகம். அது வராவிட்டால் கல்யாணமே இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அன்று முதல் அதுதான் வழக்கம். யாரோ அந்தப் பேச்சைப் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. கிளப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸில் அஸ்கருக்கே ஒரு கூட்டாளி அதை அனுப்பி, 'உங்க அத்தா மாஸ் டா' என்று எழுதியிருந்தான். அஸ்கர் அதை முழுக்கக் கேட்டான். அத்தா சொன்னதில் தப்பு இருப்பதாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் பெரிய கஷ்டமே.

அந்தப் பேச்சால்தான் அவன் தங்கை மெஹக்குக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அர்ஷத், ஐடி வேலை. அவனுடைய வாப்பா அதைக் கேட்டுவிட்டு, இப்படிப்பட்டவர் வீட்டில்தான் சம்பந்தம் வைக்க வேண்டும் என்று தேடி வந்தார். மெஹக்குக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறமும் படி என்று சொல்லியிருந்தான் அவன். "இந்த எடம் மட்டும் அமைஞ்சிரணும்ணே" என்று அவள் அஸ்கரிடம் சொன்னாள். தன் பேர் வெளியே வந்தால் அத்தா தலைகுனிவார், அது ஒரு பக்கம். இப்போது மெஹக்கின் வாழ்க்கையும் அந்த முகமூடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வேலையை விட்டுவிடலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவனுக்கு வேறு எதுவும் இவ்வளவு நன்றாக வராது, அது அவனுக்கே தெரியும்.

பெண் பார்க்க வந்த அன்று ஒரு சின்னச் சம்பவம். அர்ஷத்தின் அக்கா பிள்ளைகள் இரண்டும் மெத்தை மேல் குதித்துக்கொண்டிருந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். வேறு வீடாக இருந்தால் யாராவது பாய்ந்து டிவியை அணைத்து, பிள்ளைகளையும் அதட்டியிருப்பார்கள். அஸ்கர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். இன்னொரு கையைப் பிள்ளைகள் பக்கம் நீட்டி, உள்ளங்கையை மெல்லக் கீழே கொண்டுவந்தான். பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்தபடியே தாமாக உட்கார்ந்துவிட்டன. பாங்கு முடிந்ததும் அதேபோல் மெல்ல ஏற்றினான்.

மாப்பிள்ளையின் அம்மா ரைஹானா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுங்க எங்க பேச்சக் கேட்டதே இல்ல. தம்பி கையில என்னமோ இருக்கு" என்று சிரித்தார். அஸ்கர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சமோசா எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டான். புது ஃப்ளாட் வாங்கிக் குடிவந்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் அங்கேதான் இருந்தான். ஃப்ளாட் எங்கே என்பது அவன் காதில் விழவில்லை.

குடியரசு தினத்தன்று சாயங்காலம் பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. அசோசியேஷன் செயலாளர் ராகவன், கிளப்பில் விக்கியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விஷ்ணு மூலமாகக் கூப்பிட்டிருந்தார். நீச்சல் குளத்தை ஒட்டிய திடலில் மேடை. அஸ்கர் பெட்டிகளை இறக்கி, ஒயர்களைச் சொருகி, முகமூடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே பஜ்ஜி ஸ்டாலில் ஒரு பையன் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். அர்ஷத்.

அவர்கள் சொன்ன புது ஃப்ளாட் இங்கேதான் என்று அஸ்கருக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குள் ராகவன் மைக்கில், "நம்ம டிஜே விக்கிக்கு ஒரு பெரிய கைத்தட்டு" என்று அறிவித்துவிட்டார். இனி ஓடினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் பாட்டை ஏற்றினான்.

ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது ஒன்றுதான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டது. முகமும் குரலும் வெளியே தெரியாதவரை விக்கி விக்கிதான். பேசாமலே அந்தக் கூட்டத்தை அவன் கையில் எடுத்தான். பிள்ளைகள் முதலில் வந்தார்கள், பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள் வந்தார்கள், அம்மாக்கள் ஆடுவதைப் படம் எடுக்க அப்பாக்கள் வந்தார்கள். வெகு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ராகவனின் குதிகாலே தட்ட ஆரம்பித்துவிட்டது.

வானம் மங்கியது. மக்ரிப் தொழுகை நேரம் நெருங்குவது அஸ்கருக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். குடியிருப்பின் பின்மதிலை ஒட்டிப் பள்ளிவாசல். பாங்கு வந்தால் பாட்டை நிறுத்துவது அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கர் கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த முறைதான், எந்தச் சாமி ஊர்வலமாக இருந்தாலும். ஆனால் பொத்தென்று நிறுத்துவார்கள். 'ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு' என்று யாராவது கத்துவார்கள், ஆடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சத்தம் திரும்பி வரும்போது பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அஸ்கருக்கு அது இரண்டு பக்கமும் அவமரியாதையாகப் படும். பாங்கையும் யாரும் முகம் சுளித்துக் கேட்கக் கூடாது, பாட்டும் வெட்டுப்படக் கூடாது.

அவன் முன்கூட்டியே தாளத்தைத் தளர்த்தினான். ஒற்றை விரலை உதட்டு மேல், முகமூடி மேல், வைத்தான். பிறகு உள்ளங்கையை நீட்டி மெல்ல, மெல்லக் கீழே இறக்கினான். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சிலை விளையாட்டு! ஒருத்தர் பின் ஒருத்தராக உட்கார்ந்து அசையாமல் இருந்தார்கள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பாட்டு எப்போது தேய்ந்து போனது என்று யாருக்கும் தெரியவில்லை. திடல் முழுக்க அமைதி. அந்த அமைதியின் மேல் பாங்கு வந்து, முழுசாகச் சொல்லி முடிந்தது. அஸ்கர் கையை ஏற்றினான். அடியிலிருந்து தாளம் கிளம்பியது, மொத்தக் கூட்டமும் ஓவென்று கத்திக்கொண்டு எழுந்தது. தான் இதுவரை செய்ததிலேயே இதுதான் நல்ல இறக்கம் என்று அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்தபோது ரைஹானா அவனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டான். அவன் முகத்தை அல்ல, கையை.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு காகிதத் தட்டில் பஜ்ஜியோடு மேடைக்குப் பக்கவாட்டில் வந்தார். "சாப்பிடுங்க தம்பி."

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நம்ம மெஹக்கோட அண்ணன்தானே?" என்றார் அவர், தட்டை நீட்டியபடியே.

இப்போது அஸ்கருக்குள் நடந்தது அவனே எதிர்பாராதது. பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஆறு வருஷம் கழித்து யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள். இனி எல்லாம் உடையட்டும், அத்தா அடிக்கட்டும், அழட்டும், இன்றோடு இது தீர்ந்துவிடும். அவன் முகமூடியை இறக்கினான். காற்று பட்டது.

"ஆமா மாமி. கம்பெனியெல்லாம் ஒண்ணும் இல்ல, இதான் என் வேலை. நீங்க சொல்லிடுங்க. இல்லேன்னா ராத்திரி நானே அத்தாகிட்ட சொல்லிடுறேன். மெஹக்குக்கு இது எதுவும் தெரியாது, அவள மட்டும் தப்பா நெனச்சிறாதீங்க."

"பைத்தியமா உங்களுக்கு?" ரைஹானா குரலைத் தாழ்த்தினார். "உங்க அத்தா பேசினதக் கேட்டுத்தானே எங்க வீட்டுக்காரர் இந்தச் சம்பந்தத்துக்கே வந்தாரு? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதப் போட்டுக் காட்டிட்டு இருக்காரு. இப்ப போய்ச் சொன்னீங்கன்னா ரெண்டு பேர் மானமும் போகும், அந்தப் புள்ள வாழ்க்கையும் போகும். நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்கக் கூடாது, எப்பவும். என்மேல ஆணை."

"மாமி, என்னால முடியல..."

"முடியும். இவ்ளோ பேர நிதானமா வெச்சிருக்கீங்களே, இது முடியாதா?" அவர் தட்டை ஸ்பீக்கர் மேல் வைத்தார். கண்ணில் நிஜமான பாசம் இருந்தது. "நல்லா போடுறீங்க தம்பி. பாங்குக்கு இப்படி ஒரு மரியாதைய நான் எந்தப் பாட்டுக் கச்சேரியிலயும் பார்த்ததில்ல. முகத்த மூடிக்கங்க, அர்ஷத் இந்தப் பக்கம் வர்றான்."

அஸ்கர் முகமூடியை ஏற்றிக்கொண்டான். அப்போதுதான் கவனித்தான், பாட்டு முடிந்து திடல் நிசப்தமாக இருந்தது. அடுத்த பாட்டை அவன் ஏற்றவே இல்லை. "விக்கி அங்கிள், பாட்டு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவன் கையிலிருந்து பாட்டு அறுந்து போனது அதுதான் முதல் தடவை.

நோன்புப் பெருநாள் கழிந்து, பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் மெஹக்கின் நிக்காஹ் நடந்தது. தஃப்தர் வந்தது, இமாம் வந்தார். ஸ்பீக்கரில் துஆ என்னும் பிரார்த்தனையைத் தவிர ஒரு சத்தம் இல்லை. மெஹக்கின் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்தபோது அஸ்கருக்குத் தான் செய்தது சரிதான் என்று பட்டது. ஓடி ஓடிப் பந்தி பார்த்தான். யார் இலையில் எது குறைகிறது என்பது அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது.

கை கழுவுகிற இடத்தில் அத்தா அவனைப் பிடித்து நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டினார். "இவன்தான் என் மகன். அம்பத்தூர்ல கம்பெனி."

"என்ன கம்பெனி தம்பி?" என்றார் ஒருவர். அஸ்கர் வழக்கம்போலச் சிரித்தான். அவர் விடவில்லை. "பேர் என்ன? எங்க மச்சானும் அம்பத்தூர் எஸ்டேட்லதான் வேலையா இருக்கார்."

பக்கத்தில் பீடாத் தட்டோடு நின்ற ரைஹானா பேச்சுக்குள் நுழைந்தார்.

"அட, நான் நேர்லயே பார்த்திருக்கேனே இவர் வேலை பார்க்கிறத! ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருந்தப்ப பார்த்தேன். எத்தன பேர் வந்து கத்தினாலும் முகம் சுளிக்கல. யாருக்கு என்ன வேணும்னு கேக்குறதுக்கு முந்தியே தெரிஞ்சி வெச்சிருக்காரு. பாங்கு சொன்னா கையில இருக்கிற வேலைய அப்படியே எறக்கி வெச்சிடுறாரு. அவ்ளோ கூட்டத்தையும் ஒத்த ஆளா, ஒரு வார்த்த பேசாம கட்டி ஆள்றாரு. இப்படி ஒரு ஆள் கெடைக்க அந்தக் கம்பெனி குடுத்து வெச்சிருக்கணும்."

கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். பேர் கேட்டவர் பேரை மறந்துவிட்டு அஸ்கரின் தோளைத் தட்டினார். அத்தனையும் உண்மை, ஒவ்வொரு சொல்லும் அவன் ஆயுசுக்கும் கேட்க ஏங்கியது. இன்று முகத்தில் துணிகூட இல்லை, ஆனாலும் அவனுக்கு மூச்சு முட்டியது.

எல்லோரும் நகர்ந்த பிறகும் ஹாஜா மொய்தீன் போகவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஆறு வருஷமா ஒரு தடவகூட எனக்குத் தோணலியேடா. ராத்திரி போற, விடியகாலைல வர்ற, எப்படி வேலை பார்க்கிற, எங்க ஒக்கார்ற, ஒண்ணும் கேட்டதில்ல. சம்பந்தியம்மா பார்த்திருக்காங்க, பெத்தவன் நான் பார்க்கல." அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போடா. எந்த நாள் தோதுப்படும்னு சொல்லு, நான் கடைய சாத்திட்டு வந்துடுறேன்."